சிவப்பு அட்டை தொங்கிய தகரப் பெட்டி

அத்தியாயம் 17

ஐந்து நாட்களாக அந்த வீட்டில் எல்லோரும் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

பெட்டி சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தது. அதில் ஒரு சின்னப் பூட்டு. பூட்டின் வளையத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு அட்டை. 'தொடாதே. பூட்டியவர்:' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே பாய்லரம்மாவின் கையெழுத்து.

பாய்லரம்மா என்பது ஆஸ்பத்திரி ஊழியர்கள் வைத்த பெயர். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கும், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்கும் நீராவி அனுப்பும் பாய்லர் பதினெட்டு வருஷமாக அவள் பொறுப்பு. சிவப்பு அட்டையும் அங்கிருந்து வந்ததுதான்.

பாய்லரைப் பழுது பார்க்க ஒருவர் அதன் வயிற்றுக்குள் இறங்குகிறார் என்று வையுங்கள். வெளியே இருப்பவர் விவரம் தெரியாமல் ஒரு வால்வைத் திருகிவிட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன ஆகும்? அதனால் வால்வை மூடி, ஒரு பூட்டுப் போட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தொங்க விடுவார்கள். சாவி பூட்டியவரிடம் மட்டும்தான் இருக்கும். மேலதிகாரியே வந்தாலும் அந்தப் பூட்டில் கை வைக்கக் கூடாது.

இந்த வழக்கம் வீட்டுக்குள் வந்தது ஓர் இஸ்திரிப் பெட்டியால். வயர் பிய்ந்த இஸ்திரிப் பெட்டியை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று பாய்லரம்மா ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஆடுகிற நாற்காலி, ஒழுகுகிற கெய்சர் என்று அட்டை மெல்ல மெல்லப் பரவியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மகளின் சான்றிதழ்கள் இருந்த அலமாரியில் வந்து தொங்கியது.

மகளுக்குத் தொலைதூரத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு இஷ்டமில்லை. மகள் அம்மாவின் கருவிப் பெட்டியிலிருந்தே இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து, பூட்டை அறுத்து, சான்றிதழ்களோடு போய்விட்டாள். போகும்போது சிவப்பு அட்டையை மட்டும் மடிப்பில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

இப்போது தகரப் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பது எரிமலைத் தேசியப் பூங்காவின் கடிதம்.

பாய்லரம்மாவின் கணவர் வரைபடம் வரைகிறவர். அந்த எரிமலையின் உயரக் கோடுகளை, விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, வளையம் வளையமாக வரைந்தவர். மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட அதில் கால் வைத்ததில்லை. மலையின் வாய்வரைக்கும் ஒரு நாளைக்கு அறுபது பேரைத்தான் விடுவார்கள். குலுக்கலில் பெயர் வர வேண்டும். இந்த வருஷம் வந்தேவிட்டது. என்ன பிரயோஜனம், எட்டு மாதத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். போன வாரம் யாருக்கும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் பழகப் போய், நாலாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே பாய்லரம்மா கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

இன்றைக்குத்தான் எல்லாமே. காலையில் அவருக்கு டிரெட்மில் பரிசோதனை. அதே நாளில் பாய்லருக்கு வருடாந்திரச் சோதனை. பாய்லரம்மா நகர முடியாது. பூங்காவுக்குச் 'சரி' சொல்ல இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

காலையில் வாசலில் உட்கார்ந்து அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவங்ககிட்ட சொல்லு, நான் கிளம்புறேன்னு."

"எவங்ககிட்ட?" என்றாள் அவருடைய தங்கை. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகிறவள் அவள்தான்.

"பூட்டினவங்ககிட்ட."

பாய்லரம்மா டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்தாள். "அவர்கிட்ட சொல்லு, மூச்சு வாங்கினா உடனே நிறுத்தச் சொல்லணும். அங்க போய் வீரம் காட்டக் கூடாது."

"அண்ணி, நான் பல் கட்டுறவ. தபால்காரி இல்லை," என்றாள் நாத்தனார். அவள் ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பற்கள் செய்கிறவள். "ரெண்டு பேரும் வாயைத் திறக்கலைன்னா சொல்லுங்க, கிளிப் போட்டுத் திறந்து விடறேன். சாவியையாவது குடுத்துட்டுப் போங்க. டாக்டர் சரின்னுட்டா நாங்க அனுப்பிடுவோம்ல?"

பாய்லரம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சாவி அங்கே ஒரு கயிற்றில் தொங்கியது.

"டாக்டர் என்ன சொல்றார்னு பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஐந்து மணிக்குள் அவள் எப்படி வீடு திரும்புவாள்? திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

பாய்லர் அறையில் அன்றைக்கு நெருப்பு இல்லை. பதினெட்டு வருஷம் கேட்டுப் பழகிய உறுமல் இல்லாத அறை, ஆள் ஊருக்குப் போன வீடு மாதிரி இருந்தது. கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அந்த அறையின் சட்டம்.

சோதனை அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மனிதர்.

"நெத்தியில சார்," என்றாள் பாய்லரம்மா.

"வருஷா வருஷம் நீங்கதான்ம்மா கண்டுபிடிச்சுத் தர்றீங்க."

பாய்லர் பலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓடுகிற அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நீராவியால் கொடுக்க மாட்டார்கள். நீராவி சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி. எங்காவது விரிசல் இருந்தால் அறையையே தூக்கி எறிந்துவிடும். தண்ணீர் அப்படியில்லை. அதைச் சுருக்க முடியாது. பாய்லரின் கழுத்துவரைக்கும் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றி, அப்புறம் பம்பால் அழுத்தினால், பலவீனமான இடத்தில் ஒரு சொட்டுக் கசியும். அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான்; யாருக்கும் காயம் படாது.

பத்தில் ஓடுகிற பாய்லர்; முள் பதினைந்தில் நின்றது.

"அரை மணி நேரம்," என்று சொல்லி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

பாய்லரம்மா முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்நேரம் கணவரை அந்த ஓடும் பட்டையில் ஏற்றியிருப்பார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகத்தைக் கூட்டுவார்கள், சரிவைக் கூட்டுவார்கள். வாழ்க்கையில் வழக்கமாக ஏறுகிற ஏற்றத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்து, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். இதே பரீட்சைதான். ஆனால் அங்கே குளிர்ந்த தண்ணீரா இருக்கிறது? சூடான ரத்தமல்லவா ஓடுகிறது.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். அதிகாரி திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, பாய்லரைவிட நீங்க டைட்டா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை சார்."

முள் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்தும் பதினைந்திலேயே இருந்தது. அதிகாரி வெல்டிங் தையல்களைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பிறகு உரிமத்தைப் புதுப்பிப்பதற்கான வாய்மொழிக் கேள்விகள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பது. அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவரும் தாளைப் பார்த்து இயந்திரமாகக் கேட்டார்.

"தண்ணி மட்டம் கண்ணாடியில தெரியலைன்னா?"

"நெருப்பை அணைக்கணும். அந்த நேரத்துல தண்ணி விடக் கூடாது."

"பூட்டும் அட்டையும் யார் போடணும்?"

"உள்ளே இறங்குறவர். யாரோட உயிர் உள்ளே இருக்கோ, அவர் கையாலதான் போடணும். வெளிய நிக்கிறவர் அவருக்காகப் போடக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள்.

அதிகாரி நிமிர்ந்தார். பதினெட்டு வருஷத்தில் பாய்லரம்மா ஒரு கேள்விக்குத் தடுமாறி அவர் பார்த்ததில்லை.

"ஏன்னா, எப்போ இறங்கணும், எப்போ வெளிய வரணும்னு முடிவு பண்றவர் அவர்தான். சாவி அடுத்தவர் கையில இருந்தா அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை சார்."

"புஸ்தகத்துல கடைசி வரி இல்லையேம்மா."

"இருக்கணும் சார்."

அவர் ஒரு டிக் போட்டார். ஒரு தாளுக்கு மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் முத்திரை, முத்திரைக்கு மை இல்லை, மை வாங்க ஆள் போனது. எல்லாம் முடியும்போது மணி நாலே முக்கால்.

பாய்லரம்மா ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். கைப்பேசியில் அழைப்பு எதுவும் இல்லை. ஒரு வரிச் செய்திகூட இல்லை.

பரிசோதனை பன்னிரண்டு மணிக்கே முடிந்திருக்கும். நல்ல செய்தி என்றால் நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? ஊருக்கே தண்டோரா போட்டிருக்க மாட்டாளா?

பேருந்தில் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். அழைக்கவில்லை. விரல் எண்ணுக்கு மேலே போய்ப் போய்த் திரும்பியது. கேட்காத வரைக்கும் கெட்ட செய்தி கெட்ட செய்தி ஆகாது என்று ஒரு கணக்கு. சிக்னலில் வண்டி நின்றபோது எதிர்க் கட்டடத்துக் கடிகாரம் சரியாக ஐந்து காட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே கால் தாண்டியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாத்தனார். நடுவில் தகரப் பெட்டி. சிவப்பு அட்டை அப்படியே தொங்கியது. பக்கத்தில் இரும்பு அறுக்கும் ரம்பம்.

அவர் எழுந்து நின்றார். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பதினொண்ணரை நிமிஷம்."

"என்னங்க?"

"பதினொண்ணரை நிமிஷம் நடந்தேன். ஒன்பது நடந்தாலே போதும்னாங்க. ஈ.சி.ஜி. கோடு ஒண்ணுகூடக் கோணலாப் போகலை."

அவள் பையைக் கீழே வைத்தாள். வைத்தாளா, விழுந்ததா, தெரியவில்லை. டிபன் டப்பா உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

"அப்போ அந்த மாடிப்படி?"

"அதைக் கேளுங்க!" என்று பாய்ந்தாள் நாத்தனார். "அது நெஞ்சு வலி இல்லையாம் அண்ணி, விலா தசைப் பிடிப்பாம். எட்டு மாசம் சோபாவில உட்கார்ந்துட்டு, ஒரே நாள்ல ரெண்டு ரெண்டு படியாத் தாவினா? டாக்டரம்மா நல்லாத் திட்டினாங்க. காதுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு."

"மலைக்கு?"

அவர் டாக்டரின் கடிதத்தை நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக, மீட்டர் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தாள். போகலாம். ஆனால் ஒரே நாளில் உச்சிவரைக்கும் ஏறக் கூடாது. பாதி வழியிலுள்ள குடிலில் ஓர் இரவு தங்கி, உடம்பு உயரத்துக்குப் பழகிய பிறகுதான் மேலே.

நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதை ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா? நான் பஸ்ஸுல செத்துச் செத்துப் பிழைச்சேன்."

"நான் அப்பவே சொல்றேன்னேன் அண்ணி. உங்க வீட்டுக்காரர்தான் போனைப் பிடுங்கி வெச்சுக்கிட்டார்."

"அஞ்சு நாளாப் பேசலை," என்றார் அவர், மேசையைத் துடைப்பதுபோல் கையைத் தேய்த்துக்கொண்டு. "முதல் வார்த்தை இதுவா இருக்கட்டும்னு பார்த்தேன். அதுவும் நேர்ல."

அவளுக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கண் ரம்பத்தின் மேல் போனது.

"மணி அஞ்சாகப் போகுதேன்னு நான்தான் எடுத்தேன்," என்றாள் நாத்தனார். "கடிதத்துல இருக்கிற ரகசிய எண் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. அண்ணா கையைப் பிடிச்சுட்டார். போனா போகட்டும், தொடாதேன்னுட்டார்."

"ஏங்க? இத்தனை வருஷ ஆசை."

அவர் பூட்டைப் பார்த்தார். "இந்த வீட்டுல ஒரு தடவை பூட்டு அறுத்தது போதும்."



பாய்லரம்மா கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள். "இந்தப் பூட்டே தப்பு," என்றாள். "உள்ளே இருந்தது என் உயிர் இல்லைங்க. உங்க உயிர். நான் பூட்டியிருக்கவே கூடாது." பூட்டைத் திறந்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அந்த அலமாரியும் அப்படித்தான்."

எந்த அலமாரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாத்தனார் கடிதத்தைப் பிரித்தாள். இனி என்ன இருக்கிறது, சும்மா பார்ப்போமே என்று படித்தவள், ஒரு வரியில் நின்றாள். "அண்ணா, இங்க பாரு. 'பூங்கா நேரப்படி மாலை ஐந்து மணி'ன்னு போட்டிருக்கான். அது என்ன பூங்கா நேரம்? பூங்காவுக்குத் தனியா ஒரு நேரமா?"

அவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே ஓடினார். டாக்டர் பார்த்திருந்தால் இன்னொரு தடவை திட்டியிருப்பாள். திரும்பி வரும்போது கையில் அவருடைய வரைபடம். மேசையில் விரித்து, மூலைக்கு மூலை டம்ளர் வைத்து, கீழ் விளிம்பில் இருந்த எண்களைத் தடவினார்.

"முட்டாள், முட்டாள்!" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தத் தீர்க்கரேகைக் கோடெல்லாம் என் கையாலதான் போட்டேன். பூமி ஒரு மணி நேரத்துல பதினஞ்சு டிகிரி திரும்புது. மலை நமக்கு மேற்கே பதினாறு டிகிரி தள்ளி இருக்கு. அங்க சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அவங்க கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னாடி!"

"அப்போ அங்க இப்போ மணி?"

"நாலரைகூட ஆகலை!"

நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இத்தனை வருஷமா அந்த மலையைக் கட்டிக்கிட்டு அழுதியே அண்ணா, அங்க மணி என்னன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"கோடு போடச் சொன்னாங்க, போட்டேன். கடிகாரம் பார்க்கச் சொல்லலையே!"

பாய்லரம்மா சிரித்தாள். ஆரம்பித்தால் நிற்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

கணினியைத் திறந்தார்கள். முதலில் மலையின் இன்றைய நிலை வந்தது. 'அமைதி. புகைத் துளைகளில் வழக்கமான நீராவி.'

"இத்தனை புகை வருது, அமைதின்னு போட்டிருக்கான்?" என்றாள் நாத்தனார்.

"அதுதான் நல்லது," என்றாள் பாய்லரம்மா. ஐந்து நாளில் முதல் தடவையாக மலை அவளுக்குப் பிடித்திருந்தது. "அந்தத் துளையெல்லாம் மலையோட சேஃப்டி வால்வு மாதிரி. ஊதிக்கிட்டே இருந்தா உள்ள அழுத்தம் சேராது. திடீர்னு சத்தம் நின்னாதான் நான் பயப்படுவேன்."

"ஓஹோ. அஞ்சு நாளா அண்ணா ஊதவே இல்லை, அதான் நான் வீட்டுக்கு வெளியவே சுத்திக்கிட்டு இருந்தேன்."

ரகசிய எண்ணைத் தட்டினார் அவர். டாக்டர் கடிதத்தின் படத்தை ஏற்றினார். தங்கும் இடம்: பாதி வழிக் குடில். அடுத்த பக்கத்தில் போகிறவர்களின் பட்டியல் வந்தது. திடீரென்று அவர் திரையைக் கையால் மறைத்தார்.

"நீ கொஞ்சம் டீ போடேன்."

"எடுங்க கையை," என்றாள் பாய்லரம்மா.

எடுத்தார். மூன்று பெயர்கள் இருக்கும் என்று அவள் நினைத்தாள். நான்கு இருந்தன. நான்காவது வரியில் மகளின் பெயர். மூன்று மாதத்துக்கு முன், குலுக்கலுக்கு விண்ணப்பித்த அன்றைக்கே எழுதியிருக்கிறார்.

"சும்மா போட்டேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. பட்டியல்ல ஒரு இடம் இருக்கட்டுமேன்னு. வேணாம்னா எடுத்துடறேன்."

பாய்லரம்மா முள்ளைப் பார்ப்பவள் போல அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று பெயர்களுக்கு நேரே வெறும் கட்டம். அவர்கள் ஒரே முகவரிக்காரர்கள்; அவர் அழுத்தினால் போதும். வேறு முகவரியில் இருப்பவருக்கு மட்டும், கூட வருகிறவர்களின் பட்டியலோடு, பூங்காவிலிருந்தே தனியாகச் செய்தி போகும். அந்த நபர் தம் கைப்பேசியிலேயே சம்மதம் சொல்ல வேண்டும்.

நான்காவது பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் ஒரு வரி இருந்தது.

'சம்மதம் தெரிவித்தார். இன்று காலை 7.40.'

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

பட்டியலில் இரண்டாவதாக இருந்தது பாய்லரம்மாவின் பெயர். அதைப் பார்த்த பிறகும்தான் அந்தப் பெண் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

பாய்லரம்மா கையை நீட்டி, தானே 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு நொடி யோசித்தது. 'நான்கு பேருக்கும் இடம் உறுதியானது' என்றது.

அவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். நாத்தனார் டீ போட எழுந்தாள்.

பாய்லரம்மா மட்டும் நகரவில்லை. சிவப்பு அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தாள். கம்பளிச் சட்டை நான்கு. கந்தக நெடிக்கு முகமூடி நான்கு. சாம்பல் மண்ணில் வழுக்காத காலணி... அங்கே பென்சில் நின்றது.

"அவளுக்குக் கால் அளவு இன்னும் ஆறுதானா?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"அண்ணிக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்ற நாத்தனார், தன் கைப்பேசியில் ஓர் எண்ணை எடுத்து, மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினாள். "கேட்டுப் பாருங்க."

இந்தத் தடவை விரல் திரும்பவில்லை. அழுத்தினாள்.

முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றாவது மணி பாதியில் நின்றது. எதிர்முனையில் பின்னணியில் சுத்தியல் சத்தங்கள், அதற்கு முன்னால் ஒரு மூச்சு.

"சொல்லுங்க அத்தை," என்றது மகளின் குரல்.

"அத்தை இல்லை," என்றாள் பாய்லரம்மா.